அம்மாவின் குரல் இருந்த ஃபோல்டர்

தம்பி,

வியாழக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தி வந்தபோது கடையில் ஆள் இருந்தது. ஆள் போன பிறகுதான் கேட்டேன். "அப்பா, கடை கம்ப்யூட்டர்ல அம்மா பேசுனதெல்லாம் இருக்குல்ல, அந்த ஃபோல்டர அப்படியே அனுப்பி வைங்க. தாலி கட்டுறதுக்கு முன்னுக்கு மண்டபத்துல போடணும். அம்மா இல்லாம எப்பிடிப்பா?" என்று கேட்டிருந்தாய். "சரி தம்பி, பாத்து அனுப்புறேன்" என்று பதில் போட்டேன். அது பொய். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஃபோல்டர் போய் நான்கு மாதமாகிறது. யாரும் திருடவில்லை, இயந்திரமும் கெட்டுப்போகவில்லை. நான்தான் அழித்தேன். போனில் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று உனக்குத் தெரியும். தப்பு என் பக்கம் இருக்கிற நாளில் அது இன்னும் சீக்கிரமாக வரும். அதனால் கையால் எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறவன் பேனா பிடித்து எழுதுகிறேன் என்று நீ சிரிக்கலாம். முழுதும் படித்த பிறகு சிரிக்கத் தோன்றினால் சிரி.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வாய் வரும். உனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அதுவரை மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்துக் காம்பராவை விட்டுத் தனி வீடு கட்ட வேண்டும் என்று முடிவு செய்தது நான். அதற்காகப் போகிறேன் என்று சொன்னது அவள். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் உன் போனுக்குப் பேசி அனுப்புவாள். நீ கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்பாய். நான் பக்கத்தில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருப்பேன். என்னோடு பேச அவளுக்கு நேரே நம்பர் இருந்தது, ஆனால் என்னிடம் கேட்க வேண்டியதையும் உன் வழியாகத்தான் கேட்பாள். நான் எரிந்து விழுவேன் என்ற பயம்.

மூன்றாவது வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை நீ போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு எழுந்து என்னிடம் வந்தாய். "அப்பா, அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்காம். மாடி ஏற முடியலயாம். வந்துரவான்னு கேக்குறாங்க" என்றாய். நான் பேப்பரை மடிக்கக்கூட இல்லை. "சுவரு பாதியில நிக்குது. இப்ப வந்து என்ன செய்யப் போறா? ஒப்பந்தம் முடியட்டும், பொறுத்துக்கச் சொல்லு" என்றேன். நீ போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். பிறகு அவளுக்கு என்ன சொல்லி அனுப்பினாய் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அவள் பொறுத்துக்கொண்டாள். ஒப்பந்தம் முடிந்து வந்தபோது கண்கள்தான் பெரிதாக இருந்தன, மற்றதெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. நுவரெலியாவில் டாக்டர், "இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமே" என்று சாதாரணமாகச் சொன்னார். நீயும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நீ ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. நீ பேசாததே எனக்குப் பெரிய ஏச்சு.

உன்னுடைய அந்தப் பழைய போன் உயிரை விடும் முன் அதில் இருந்த எல்லாவற்றையும், படம், வீடியோ, அம்மாவின் பேச்சு எல்லாவற்றையும், ஒரே ஃபோல்டராகக் கடை கம்ப்யூட்டரில் போட்டு வைத்தாய். "கடையில இருந்தா பத்திரமா இருக்கும்" என்றாய். அப்புறம் போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு இரண்டு நாள் லீவில் வந்தவன், அந்தக் கம்ப்யூட்டர் ஊர்ந்து ஊர்ந்து எழும்புவதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாய். கொட்டகலை பஜாரில் யாருடைய போனில் எந்த வைரஸ் இருந்தாலும் அது நம் கடைக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகும். கொழும்பில் உன் வேலையிடத்தில் பழகிய லினக்ஸை அதில் போட்டாய். "இது சாதாரண லினக்ஸ் இல்லப்பா. அடியில இருக்கிறது முழுசும் ஒரே வார்ப்பா வரும். அதுல ஒரு ஆணி கூட நம்ம இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. புதுசு வந்தா முழுசா மாத்திரும், பழசையும் தூக்கிப் போடாம பக்கத்துல வெச்சிக்கும்" என்றாய். "என் கடையில நான் தொட முடியாத சாமானா?" என்று நான் சண்டைக்கு வந்தேன். நீ சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மேலதிகமாக ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தாய். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். முதலில் திரையில் இருக்கும் மென்பொருள் கடையில் தேட வேண்டும். அங்கே கிடைப்பது தனித்தனிப் பொட்டலமாக வரும், அடியைத் தொடாது. அங்கே இல்லையென்றால் உள்ளேயே தனியாக ஒரு அறை மாதிரிப் பிரித்து, அதற்குள் போட்டுப் பார்க்கலாம். அதுவும் சரிவராவிட்டால், கடைசியாகத்தான், அடியில் இருக்கும் வார்ப்பின் மேல் ஒரு தட்டாக அடுக்குவது. அடுக்கினால் இயந்திரத்தை அணைத்து எழுப்ப வேண்டும், அப்போதுதான் அது சேரும். "கடைசியா மட்டும்தான்பா" என்று இரண்டு தடவை சொன்னாய்.

அதோடு இன்னொன்றும் சொன்னாய். "எது கெட்டாலும் பயப்படாதீங்க. எழும்பும்போது ரெண்டு வரி வரும். மேல இருக்கிறது புதுசு, கீழ இருக்கிறது பழசு. கீழ் வரியத் தட்டுங்க. நேத்து இருந்த மாதிரியே வந்துரும்." தம்பி, அந்த வாக்கியத்தை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். நீ கொழும்புக்குத் திரும்பிப் போன ஒரு மாதத்தில் ஒரு நாள் புதுசு வந்து, அச்சு எந்திரம் ஊமையாகிப் போனது. கீழ் வரியைத் தட்டினேன். எந்திரம் ஓடியது. பஜார் முழுக்க என் பெருமைதான். அன்று காலையில், புதுசு வந்த பிறகு நான் அடித்த ஒரு கடிதம் திரையில் அப்படியே இருந்தது. நேற்றைக்கே திரும்பிவிட்டோம் என்றால் இன்று அடித்த கடிதம் எப்படி அங்கே இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். திரும்புவது அடியில் இருக்கும் வார்ப்பு மட்டும்தான், நம் வீட்டுச் சாமானை அது தொடுவதே இல்லை என்று அன்றைக்கே புரிந்திருக்கும். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு யோசனை ஏது?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மழைக்காலம், மத்தியானம் இரண்டு மணிக்கே மிசுட்டு இறங்கி, அந்தப் பனிமூட்டத்தில் கடைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். முப்பது வயது இருக்கும். குவைத்துக்குப் போகிறாளாம். பாஸ்போர்ட்டும் பிறப்புப் பத்திரமும் நான்கு மணிக்குள் ஏஜென்சிக்குப் போய்ச் சேர வேண்டும், போனில் எடுத்த படம் வேண்டாம், சுத்தமான ஸ்கேன்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நம் பழைய ஸ்கேனர் முந்தின வாரம்தான் செத்திருந்தது. ஹட்டனில் புதிதாக வாங்கி வந்த எந்திரம் பெட்டியிலேயே இருந்தது. அதைப் பிரித்து மாட்டிக்கொண்டே சும்மா கேட்டேன், "புள்ளைங்கள யாரு பாத்துக்குறது?" என்று. "அவங்க அப்பா இருக்காருங்களே மாமா. வீடு பாதியில நிக்குது, ரெண்டு வருஷந்தானேங்கிறாரு" என்றாள். நான் ஸ்கேனரின் வயரைச் சொருகினேன்.

புது எந்திரம் கம்ப்யூட்டரோடு பேச ஒரு மென்பொருள் வேண்டும். திரைக் கடையில் தேடினேன், இல்லை. தனி அறைக்குள் போட்டேன், அங்கிருந்து ஸ்கேனரைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. கடைசி வழி மட்டும் மிச்சம். கொப்பியைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்தேன். அது ஓடி ஓடி வந்து, இடம் போதாது என்று நின்றது. மறுபடி அடித்தேன், மறுபடியும் அதே. அவள் வாசலில் நின்று மணியைப் பார்க்கிறாள். வாடிக்கையாளர்களின் ஸ்கேன்களை நான் சேர்த்து வைப்பதில்லை என்று உனக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகளின் அடையாள அட்டை நம்மிடம் கிடக்கக் கூடாது என்று அவர்கள் கண் முன்னாலேயே, குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாதபடி, இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தி அடியோடு அழித்துவிடுவேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை செய்து செய்து, விரலுக்கு அது தன்னால் வரும். அதனால் அழிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது உன் ஃபோல்டர் ஒன்றுதான்.

திறந்தேன். இத்தனை வருஷத்தில் நான் அதைத் திறந்தது அதுவே முதல் தடவை. வரிசை வரிசையாக அம்மாவின் பேச்சு. எது என்று தெரியாமல் நடுவில் ஒன்றைத் தட்டினேன். "தம்பி, அப்பாகிட்ட கேளுய்யா, கோவமில்லாம இருக்கிற நேரமாப் பாத்துக் கேளு, நான்..." என்று தொடங்கியது. அதற்கு மேல் கேட்க என்னால் முடியவில்லை, நிறுத்திவிட்டேன். வாசலில் அந்தப் பிள்ளை, "யாரு மாமா, மாமியா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு மொத்த ஃபோல்டரையும் பிடித்து அந்த இரண்டு விசையை அழுத்தினேன். இந்த வேலை முடிந்ததும் கீழ் வரியைத் தட்டினால் எல்லாம் வந்துவிடும் என்றுதான் அழுத்தினேன்.

மென்பொருள் ஏறியது. அணைத்து எழுப்பினேன். ஸ்கேனர் பளிச்சென்று வேலை செய்தது. அந்தப் பிள்ளை கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் கதவைப் பாதி சாத்திவிட்டு, மறுபடி அணைத்து எழுப்பிக் கீழ் வரியைத் தட்டினேன். நேற்றைய கம்ப்யூட்டர் வந்தது. ஸ்கேனர் இல்லை. ஃபோல்டரும் இல்லை. தப்பாகத் தட்டிவிட்டேன் போல என்று மேல் வரிக்குப் போனேன். ஸ்கேனர் இருந்தது, ஃபோல்டர் இல்லை. மறுபடி கீழே. மறுபடி மேலே. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஸ்கேனர் வருகிறது, போகிறது, வருகிறது. நான் போட்டது எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு வந்து வந்து போனது. அவள் மட்டும் எந்த வரியிலும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, கரண்டு போய்ப் போய் வருதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். அங்கே போனும் கம்ப்யூட்டரும் திருத்துகிற ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார், நல்ல மனிதர். கழற்றிப் பார்த்து, தன் கம்ப்யூட்டரில் மாட்டி, தொழுகைக்குப் போய் வந்தும் பார்த்தார். கடைசியில், "இது பழைய டிஸ்க் மாதிரி இல்ல தொர. அழிச்ச எடத்த அதுவே தொடைச்சிப் போட்டுரும். முக்கியமான சாமானா?" என்றார். "சம்சாரம் பேசினது" என்றேன். அவர் கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மடியில் அது கனத்துக்கொண்டே வந்தது. கொட்டகலையில் இறங்க மறந்து தலவாக்கலை வரை போய்விட்டேன்.

உனக்கு நான் கொடுக்கக்கூடியது, பேப்பருக்குப் பின்னால் இருந்து ஒட்டுக் கேட்டது மட்டும்தான். எனக்கு நினைவிருப்பதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "இந்த வீட்டுல நாள் பூரா தேத்தண்ணி குடிக்கிறாங்கய்யா. பாக்கெட்ட பாத்தேன், நம்ம நாட்டுத் தூள். பறிச்சதும் நான், இங்க வந்து ஊத்திக் குடுக்கிறதும் நான்." இது போன புதிதில். "குளிரு தொடங்கிரும், அந்த நீலச் சுவெட்டரப் போட்டுக்க. கை குட்டையாயிருச்சின்னு சொன்னா இங்க நான் அழுவேன், சொல்லாத." இது இரண்டாவது வருஷம். "ஒன் கல்யாணத்துக்கு எனக்கு இப்பவே சேல பாத்து வெச்சிட்டேன். பச்சக் கலரு. பொண்ண மட்டும் நீ பாத்துக்க." மண்டபத்தில் நீ போட நினைத்தது இதுவாகத்தான் இருக்கும். இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பு முடியாமலே பதிவு நின்றுவிடும். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மருமகளாக வரப்போகிற பிள்ளை எங்கே இருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும், "நான் வந்துரவா" என்று கேட்டால், உடனே வா என்று சொல். காரணம் கேட்காதே. சுவரைப் பார்க்காதே. உன்னிடம் நேரே கேட்க அவள் பயப்படும்படி வைத்துக்கொள்ளாதே. நீயும் உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. எல்லாம் திரும்பி வரும் என்று நீ சொன்னது உன் வேலையைப் பற்றி. அதை என் பாட்டுக்கு நீட்டிக்கொண்டது நான்.

இதைப் படித்ததும் நீ ஒன்று நினைப்பாய். அந்த வெள்ளிக்கிழமைக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான், அப்பா வேண்டுமென்றே அழித்துவிட்டார் என்று நினைப்பாய். இல்லை என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் எழுதிய பிறகு அது முடியாது என்று தெரிகிறது. அன்றைக்கு என் தலைக்கு நேர் மேலே, அட்டையில், விற்பதற்கு வைத்த பென் டிரைவ்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கையைத் தூக்கினால் எட்டும். ஒன்றைப் பிரித்து ஃபோல்டரை அதில் போட்டுவிட்டு அழித்திருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்திருப்பாள், அவ்வளவுதான். கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லுவது, அழிக்கும் முன் ஒரு காப்பி எடுத்து வை என்பது. எனக்கு நானே சொல்லவில்லை. எல்லாம் திரும்பி வரும் என்று நம்பியது உண்மை. ஆனால் அழுத்தி முடித்து, அது இருந்த இடம் வெறுமையாகத் தெரிந்தபோது, ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது தம்பி. இனி யாரும் அவள் கேட்டதை என் காதில் போட மாட்டார்கள் என்ற நிம்மதி. மற்றதெல்லாம் தெரியாமல் நடந்தது. அந்த ஒரு நிமிடம் தெரியாமல் நடந்ததல்ல. நான் மன்னிப்புக் கேட்பது அதற்குத்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கல்யாணத்துக்கு வாங்கப்பா என்று சொல்ல உனக்கு மனசு வந்தால், ஒரு வார்த்தை சொல். அன்றைக்கே பஸ் ஏறி வருகிறேன். மனசு வரவில்லையென்றால், இப்போதைக்கு வேண்டாம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பு. பொறுத்துக்கொள்கிறேன்.

அப்பா